காயத்தின் கதை யாருடையது?
மனச்சிகிச்சையில் அதிகாரமும் கூட்டுச் செயல்பாடும்

மனம் பற்றிய பேச்சு நம் சூழலில் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் நடந்துவந்திருக்கிறது. ஒன்று, 'எல்லாம் சமூகப் பிரச்சினை, மனம் என்று தனியாக என்ன இருக்கிறது' என ஒதுக்கிவிடுவது. இன்னொன்று, வாரப் பத்திரிகையின் டாக்டர் பதில்கள் பாணியில் நோய்க்கு ஒரு பெயரைச் சூட்டி, மாத்திரையைச் சொல்லி முடித்துக்கொள்வது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. வன்முறைக்கு ஆளான ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறார், இன்னொருவர் கேட்கிறார். அந்தக் கதையின் மீது உரிமை யாருக்கு? அதற்கு அர்த்தம் சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எப்போது சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்?

இது இலக்கியத்தின் கேள்வியும்தான், அரசியலின் கேள்வியும்தான். ஆனால் இதை மிகவும் நடைமுறை சார்ந்த விதத்தில் எதிர்கொண்டவர்கள் மனச்சிகிச்சையாளர்களில் ஒரு சாரார். 'மனவடு அறிந்த அணுகுமுறை' என்றும் 'கூட்டுச் சிகிச்சை' என்றும் இன்று சொல்லப்படுவதற்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையை விட்டுவிட்டு வெறும் உத்தியாக இதைப் புரிந்துகொண்டால் நமக்குப் பயன் எதுவும் இல்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ட்ராமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடம்பில் படும் காயம் என்றுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது மனத்துக்கு நகர்ந்தது. தமிழில் 'மன அதிர்ச்சி' என்கிறோம். அது ஒரு கணத்தோடு முடிந்துபோகிற விஷயம் போலத் தொனிக்கிறது. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தன் தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். இது நல்ல தேர்வு. ஆறிய பிறகும் நிற்பது வடு. பழந்தமிழில் அதற்குப் பழி, குற்றம் என்ற பொருளும் உண்டு. காயம் பட்டவர் மீதே பழியும் வந்து விழுகிறது என்பதை இந்த ஒரு சொல் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. வல்லுறவுக்கு ஆளான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.

1. கேட்பவரின் அதிகாரம்

1896இல் ஃப்ராய்ட் தன்னிடம் வந்த 18 பேருடைய கதைகளை ஆதாரமாக வைத்து, ஹிஸ்டீரியாவின் வேர் சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறையில் இருக்கிறது என்று அறிவித்தார். அடுத்த வருஷமே அதிலிருந்து விலக ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்டதை நம்பியிருந்தால் வியன்னாவின் கௌரவமான குடும்பங்களுக்குள் நடப்பது என்ன என்ற கேள்வி எழுந்திருக்கும். நேர்ந்ததைப் பற்றிய சொல்லாடல் மெல்ல மெல்ல ஆசையைப் பற்றிய சொல்லாடலாக மாறியது. 1900இல் 'டோரா' என்று அவர் பெயரிட்ட பதினெட்டு வயதுப் பெண்ணைத் தகப்பனே அழைத்துவந்து விட்டார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தகாதபடி நடந்துகொண்டார் என்றாள் அவள். நடந்ததை ஃப்ராய்ட் மறுக்கவில்லை. ஆனால் அவளது அருவருப்புக்குக் கீழே ஒளிந்திருப்பது ஆசைதான் என்று வியாக்கியானம் செய்தார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அவள் சிகிச்சையை விட்டு எழுந்து போய்விட்டாள். பெண்ணியவாதிகள் பிறகு இந்த எழுந்துபோதலையே ஒரு பதிலாக வாசித்தார்கள்.

ஃபூக்கோ 1976இல் பாலியல்பின் வரலாறு பற்றிய முதல் தொகுதியில் பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து மருத்துவர் அறைக்கு ஒரு கோடு இழுத்தார். ஒப்புக்கொடுத்துப் பேசுகிறவரிடம் அதிகாரம் இருப்பதில்லை. மௌனமாகக் கேட்டு, 'இதற்கு இதுதான் அர்த்தம்' என்று திருப்பித் தருகிறவரிடம் அது தங்குகிறது. பேச வைப்பது விடுதலை என்று நாம் சாதாரணமாக நம்புகிறோம். பேச வைப்பதே ஒரு பிடியாகவும் இருக்கலாம் என்பதுதான் இதன் சாரம். கூட்டுச் சிகிச்சை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: கேட்கிறவர் தன் அதிகாரத்தை இல்லாதது போல நடிக்காமல், அதை மேஜை மீது எடுத்து வைப்பது.

2. இயக்கத்திலிருந்து பிறந்த நோய்ப்பெயர்

'மனவடுவுக்குப் பிந்தைய நெருக்கடி நோய்' அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் இடம்பெற்றது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு பாதிக்கப்பட்டவர்களுடையது. 1970இல் நியூயார்க்கில், வியட்நாம் போரை எதிர்த்த முன்னாள் படைவீரர்கள் தங்களுக்குள் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் போன்ற மனநல மருத்துவர்களை அவர்கள் அழைத்தார்கள். தலைமை தாங்க அல்ல, கூட உட்கார. அதே வருஷங்களில் பெண்கள் குழுக்களில் வல்லுறவும் வீட்டுக்குள் நடக்கும் அடியும் முதன்முறையாகப் பொதுப்பேச்சாயின. ஆக, நிபுணர் கண்டுபிடித்து நோயாளிக்குத் தந்த பெயர் அல்ல இது. நோயாளிகள் எனப்பட்டவர்கள் போராடி நிபுணரை ஒப்புக்கொள்ள வைத்த பெயர்.

ஆனால் நிறுவனத்துக்குள் போனதும் சொல் மாறிவிடும் அல்லவா? 1980ஆம் வருஷ வரையறை, 'வழக்கமான மனித அனுபவத்துக்கு வெளியே உள்ள' நிகழ்வு என்று ஒரு நிபந்தனை வைத்தது. யாருடைய வழக்கம்? தினமும் அடிபடுகிற மனைவிக்கு அது வழக்கத்துக்கு வெளியே உள்ளதா? நாள்தோறும் சாதி சொல்லி அவமானப்படுத்தப்படுகிற பையனுக்கு? வெள்ளை, நடுத்தர வர்க்க, ஆண் வாழ்க்கையை வழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதிய வரி அது. பெண்ணியச் சிகிச்சையாளர்கள் எதிர்த்தார்கள். 1994ஆம் வருஷப் பதிப்பில் அந்த நிபந்தனை நீங்கியது.

1992இல் வெளிவந்த ஜூடித் ஹெர்மனின் 'மனவடுவும் மீட்சியும்' இந்தச் சண்டையின் முக்கியமான பிரதி. வீட்டில் அடிபடுகிற பெண், சித்திரவதைக்குள்ளான அரசியல் கைதி, சிறுவயதில் சிதைக்கப்பட்ட குழந்தை, போரிலிருந்து திரும்பியவன் ஆகியோரின் அனுபவங்களை அவர் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்த்தார். மனவடுவின் மையம் பயம் மட்டும் அல்ல. அதிகாரம் முற்றாகப் பறிபோவது. பறிபோனது அதிகாரம் என்றால், 'உன் நன்மைக்காகத்தான்' என்று சொல்லிக்கொண்டு அதை மறுபடியும் பறிக்கிற எந்தச் சிகிச்சையும் அதே காயத்தைத்தான் திரும்பச் செய்கிறது. அவர் மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுவது, அதன் பிறகு மற்றவர்களோடு மீண்டும் இணைவது. வரிசை முக்கியம். பாதுகாப்பு வராமல் கதையைத் தோண்டக் கூடாது.

ஏன் கூடாது? கொடிய நிகழ்வின் நினைவு மற்ற நினைவுகள் போலக் கோர்வையாகப் பதிவாவதில்லை. வாசனை, சத்தம், உடம்பின் ஒரு பதற்றம் என்று துண்டு துண்டாக நிற்கிறது. தூண்டப்படும்போது 'அன்று நடந்தது' என்றில்லாமல் 'இப்போது நடக்கிறது' என்றே உடம்பு எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கும், அல்லது எல்லாம் மரத்துப்போய், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத் தட்டையாகப் பேச்சு வரும். இந்தத் தட்டையான குரலைக் கேட்டுத்தான் போலீசும் நீதிமன்றமும் சில சமயம் நாமும்கூட, 'இவ பொய் சொல்றா போல இருக்கே' என்று நினைக்கிறோம்.

பேசிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையில், பேரழிவு நடந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் சொல்ல வைக்கிற முறை ஒன்று பரவலாக இருந்தது. அதன் மீது நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2002இல் வந்தது. அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கக்கூடும் என்பது முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட முதலுதவி வழிகாட்டி, பேச வற்புறுத்தாதே என்கிறது. பார், கேள், தேவையானதோடு இணைத்துவிடு: உணவு, உறவினர், தங்க இடம். அவ்வளவுதான்.

3. ப்ளிதாவில் ஒரு தோல்வி

பலதரப்பட்ட மனிதர்களோடு வேலை செய்வது என்றால் என்ன என்பதற்கு ஒரு வரலாற்று உதாரணம் ஃபனோன். அவரை வன்முறையின் தத்துவவாதியாகவே அதிகம் படித்திருக்கிறோம். அவர் தொழில்முறை மனநல மருத்துவர் என்பது அடிக்குறிப்பு போல ஆகிவிட்டது.

1953 நவம்பரில் அல்ஜீரியாவின் ப்ளிதா மனநல மருத்துவமனையில் அவர் பொறுப்பேற்றார். அப்போது கோலோச்சிய அல்ஜியர்ஸ் மனநலப் பள்ளி, அந்துவான் பொரோ தலைமையில், வட ஆப்பிரிக்க முஸ்லிமின் மூளையே வளர்ச்சி குன்றியது என்று 'விஞ்ஞானம்' பேசிக்கொண்டிருந்தது. ஃபனோனோ, பிரான்சில் செயிந்த் அல்பானில் டொஸ்கெயெஸிடம் கற்றுக்கொண்டு வந்தவர். நோயாளிக்கு முன் நிறுவனத்துக்குச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது அந்த மரபு. ப்ளிதாவில் அவரிடம் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். கூட்டம், பத்திரிகை, திரைப்படம், இசை, பண்டிகை என்று விடுதி வாழ்க்கையையே சிகிச்சையாக்கினார். பெண்கள் பகுதியில் சில மாதங்களில் நல்ல மாற்றம். ஆண்கள் பகுதியில் படுதோல்வி. கூட்டத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூடை முடையச் சொன்னால் அது பெண்கள் வேலை என்று விலகினார்கள்.

தோல்வியை நோயாளியின் தலையில் கட்டுவது எளிது. 'இவங்களுக்கு இதெல்லாம் புரியாது' என்றால் பொரோவும் ஒத்துக்கொண்டிருப்பார். ஃபனோனும் அவருடைய மாணவர் ஜாக் அஸூலேயும் 1954இல் எழுதிய கட்டுரையில் கேள்வியைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். ஒரு ஐரோப்பியச் சட்டகத்தை அப்படியே கொண்டுவந்து திணித்தோம், நாங்கள் செய்தது காலனியம் செய்கிற ஒருமயமாக்கல்தான் என்றார்கள். மொழிபெயர்ப்பாளரின் பிரச்சினையையும் கண்டுகொண்டார்கள். ஒரு அல்ஜீரியன் மொழிபெயர்ப்பாளரை முன்பு எங்கே சந்தித்திருப்பான்? அரசு அலுவலகத்தில், நீதிமன்றத்தில். மருத்துவருக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஓர் ஆள் வந்து நின்றதும் மருத்துவமனையும் அவனுக்கு விசாரணைக் கூடமாகிவிடுகிறது. பிறகு விடுதியில் மூர் காபிக்கடை வந்தது, இஸ்லாமியப் பண்டிகைகள் வந்தன, கதைசொல்லி வந்தார். ஆண்கள் வாய் திறந்தார்கள்.

1956இல் இன்னொன்று. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் ஓர் உளவியல் சோதனையை முஸ்லிம் பெண்களிடம் நடத்தினார்கள். படங்களில் இருந்தது ஐரோப்பிய வீடு, ஐரோப்பிய முகம். பெண்களால் கதை கட்ட முடியவில்லை. பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தினார்கள். கற்பனை வறண்டவர்கள் என்று முத்திரை குத்த இது போதும். ஆனால் எதுவும் வரையப்படாத வெற்று அட்டையை நீட்டியபோது கதைகள் தாராளமாக வந்தன. கூட்டுச் சிகிச்சை என்பதை ஒரே படிமத்தில் சொல்லச் சொன்னால் இந்த வெற்று அட்டையைத்தான் சொல்லலாம்.

ஃபனோனைப் புனிதராக்க வேண்டியதில்லை. இன்சுலின் சிகிச்சையும் மின்னதிர்ச்சியும் அவரும் கொடுத்தார். ஆனால் வேற்றுமையை அணுகுவதில் அவர் காட்டிய வழி இன்று 'பண்பாட்டுத் திறன்' என்ற பெயரில் விற்கப்படும் பட்டியல்களைவிட மேலானது. 'முஸ்லிம்கள் இப்படி, ஆப்பிரிக்கர்கள் அப்படி' என்று மனப்பாடம் செய்வது பழைய இனவரைவியலின் புதுப்பதிப்பு. 1998இல் டெர்வலோன், மரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு மாற்றாகப் 'பண்பாட்டுப் பணிவு' என்றார்கள். அடுத்தவரைத் தெரிந்துவிட்டதாக எண்ணாமல், தன் இடம் என்ன, தன் சாதி என்ன, தன் வர்க்கம் என்ன என்று தன்னையே விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். ஓர் இணையாக வாழ விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது பற்றிய புரிதல் இல்லை என்று சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7இல் பிறப்பித்த உத்தரவில், பாலியல் விருப்பத்தை 'மாற்றுகிற' சிகிச்சை முயற்சிகளைத் தடுக்கச் சொன்னார். சிகிச்சைக்குப் போக வேண்டியது யார் என்ற கேள்வியே அங்கே இடம் மாறிவிட்டது.

4. பிரச்சினைதான் பிரச்சினை

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட், நியூசிலாந்தில் டேவிட் எப்ஸ்டன் இருவரும் 1980களில் உருவாக்கியது 'கதையாடல் சிகிச்சை'. 1990இல் அவர்களது முக்கிய நூல் வந்தது. வைட் நேரடியாகவே ஃபூக்கோவிடமிருந்து எடுத்துக்கொண்டார். அதிகாரத்தின் உண்மைகளை நாமே நம் மீது பிரயோகித்துக்கொண்டு 'நான் உருப்படாதவன்' என்கிறோம். அந்தக் கதைக்குள் அடங்காத தருணங்களும் அதே வாழ்வில் இருக்கும். அவற்றைத் தேடி எடுத்து வேறொரு கதையாடலைச் சேர்ந்து கட்டுவதே வேலை.

வைட்டின் பிரசித்தமான உதாரணம் எளிமையானது. உள்ளாடையிலேயே மலம் கழித்துவிடுகிற ஒரு சிறுவன். 'அவன் அழுக்கன்' என்பது வீட்டின் கதை. வைட் அந்தப் பிரச்சினைக்கே ஒரு பட்டப்பெயர் வைக்கச் செய்தார். பிறகு கேள்விகள் மாறின. அது எப்போது உன்னிடம் திருட்டுத்தனமாக வருகிறது? உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அது என்ன செய்கிறது? எப்போதாவது அதை நீ ஏமாற்றியிருக்கிறாயா? மனிதன் பிரச்சினை அல்ல, பிரச்சினைதான் பிரச்சினை. சந்திப்புக்குப் பிறகு ரகசியக் கோப்பில் எழுதி வைப்பதற்குப் பதில், வந்தவருக்கே கடிதமாக எழுதி அனுப்பினார்கள். ஆவணம் யாருடையது என்ற கேள்விக்கு இது நேரடியான பதில்.

மனவடு விஷயத்தில் வைட் சொன்ன ஒன்று செயல்பாட்டாளர்களுக்கு மிக முக்கியம். வன்முறையை யாரும் வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை, எதையாவது செய்கிறார்கள். தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள், மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லிக்கொள்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 'உங்களுக்கு என்ன செய்தார்கள்' என்று மட்டும் கேட்டால் அவர் ஒரு பலியாள் மட்டும்தான். 'அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள், எதைக் காப்பாற்ற நினைத்தீர்கள்' என்று கேட்டால் ஒரு தன்னிலை எழுந்து வருகிறது.

இதற்கு ஓர் அபாயமும் உண்டு. மனைவியை அடிப்பவன் 'கோபம் என்னைப் பிடித்துக்கொண்டது' என்று பிரச்சினையை வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். அடிலெய்டிலேயே ஆலன் ஜென்கின்ஸ் இதற்காகத்தான், அடிக்கிற ஆண்களைப் பொறுப்பேற்க அழைப்பது எப்படி என்று 1990இல் தனியாக எழுதினார். நியூசிலாந்தின் லோயர் ஹட்டில் இயங்கிய குடும்ப மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே மாவோரி, சமோவா, வெள்ளையர் என மூன்று பிரிவுகள். வெள்ளையர் பிரிவு மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. நல்ல மனசு போதாது, பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்பது அதன் பாடம். தலித் பெண்களோடு வேலை செய்யும் இடைநிலைச் சாதி ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்கிறார்? நம் ஊர்த் தொண்டு நிறுவனங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

5. சாட்சியம்

சிலியில் 1973 செப்டம்பர் 11 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு, சித்திரவதைக்குள்ளானவர்களோடு வேலை செய்த எலிசபெத் லீராவும் யூஜீனியா வைன்ஸ்டீனும் 1983இல் புனைபெயர்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பினோசெட் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். பாதிக்கப்பட்டவர் பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, இருவரும் சேர்ந்து திருத்தி, முழுமையான சாட்சியமாக்கி அவரிடமே கொடுப்பது அவர்கள் முறை. அந்தத் தாள் ஒரே சமயத்தில் அழுகையும் குற்றச்சாட்டுப் பத்திரமும். போலீஸ் வாக்குமூலமாகப் பிடுங்கியதை அவர் சாட்சியமாகத் திரும்பப் பெறுகிறார். சிகிச்சையாளர் நடுநிலையாளர் அல்லர் என்பதை இவர்கள் மறைக்கவில்லை. சித்திரவதைக்காரனுக்கும் சித்திரவதைப்பட்டவருக்கும் நடுவில் நடுநிலை என்று ஓர் இடம் கிடையாது.

நடுநிலையின் எல்லையை ஃபனோனின் கடைசி நூலும் (1961) காட்டுகிறது. கைதிகளைச் சித்திரவதை செய்து செய்து, வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கிவிட்ட ஒரு போலீஸ் அதிகாரி வருகிறார். வேலையை விட அவருக்கு எண்ணமில்லை. மன உறுத்தல் இல்லாமல் வேலையைத் தொடர உதவி கேட்கிறார். வந்தவர் விருப்பப்படி நடப்பதுதான் கூட்டுச் செயல்பாடு என்றால் இவருக்கும் உதவ வேண்டும்! இன்னொரு போலீஸ்காரர் மருத்துவமனைத் தோட்டத்தில், தான் வதைத்த ஆளையே நோயாளியாகச் சந்தித்துவிடுகிறார். போலீஸ்காரருக்குப் பதற்றம். அந்த அல்ஜீரியரோ, தன்னை மறுபடி பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று கழிவறைக்குள் போய்த் தற்கொலைக்கு முயல்கிறார். பாதுகாப்பு என்பது சிகிச்சையாளரின் இனிய குரலில் இல்லை, வாசலில் யார் நடமாடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

6. 'பிந்தைய' என்பது எங்கே?

ஹெர்மனின் மூன்று கட்டங்களும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வன்முறை முடிந்துவிட்டது என்று அவை எடுத்துக்கொள்கின்றன. முடியாத இடத்தில்? நெதர்லாந்தில் யூத அநாதைக் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஹான்ஸ் கைல்சன் 1979இல் சொன்னது இது. மனவடு ஒரு நிகழ்வு அல்ல, ஒரு தொடர். அதில் முகாமையும் தலைமறைவையும்விட, போருக்குப் பிறகு அந்தக் குழந்தை எப்படி நடத்தப்பட்டது என்பதே பிற்கால வாழ்வை அதிகம் தீர்மானித்தது. அப்படியென்றால் 'பிறகு' என்பதும் காயத்தின் ஒரு பகுதி. அங்கே சமூகத்துக்கு வேலை இருக்கிறது.

ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் இல்லை. எட்டுச்செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, கீரிமலைக்குப் போக முடியாது. பொட்டை அழித்தால் அவரைத் தானே கொன்றது போல. வைத்துக்கொண்டால் ஊர் கேட்கும். இதைப் போலீன் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்றார். இங்கே இரண்டாம் கட்டமான துக்கத்தைத் தொடங்கவே வழியில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடர்போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 'மறந்து முன்னேறுங்கள்' என்று சொல்லும் ஆலோசனை, அரசின் குரலில் பேசும் ஆலோசனை. அந்தத் தாய்மாருக்குப் போராட்டப் பந்தலே ஒருவகையில் மூன்றாம் கட்டம், மற்றவர்களோடு இணைவது, வரிசை தலைகீழாகிவிட்டது.

சோமசுந்தரம் தன் பிற்கால எழுத்துகளில் தனிமனித மனவடுவிலிருந்து 'கூட்டு மனவடு'வுக்கு நகர்ந்தது இதனால்தான். குடும்பம், கிராமம், கோயில், நம்பிக்கை என்று உறவின் இழைகளே அறுந்துபோனால், ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து என்ன செய்ய? யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்புகள் 'சீர்மியம்' என்ற சொல்லை ஆலோசனைக்குப் பழக்கத்தில் கொண்டுவந்தன; தெரிந்த மந்திரத்தையோ ஜபத்தையோ தளர்வுப் பயிற்சியாக்கினார்கள். மட்டக்களப்பில் 1990களில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்கிறவர்களிடம் குடும்பங்கள் போய், காணாமல் போனவர் இருக்கிறாரா என்று கேட்டதைப் பட்ரிஷியா லாரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில் சாமியின் வாய் வழியாகப் பேசினார்கள்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. நாட்டார் வழி எல்லாம் நல்லது என்று ஒரு மயக்கம் நம்மிடம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடித் தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து செத்தார்கள். சங்கிலி மாட்டியவர்களும் சிகிச்சை என்றுதான் சொன்னார்கள். மருத்துவமனையா தர்காவா என்பதல்ல கேள்வி. அங்கே இருப்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. 2017ஆம் வருஷ மனநலச் சட்டம், எனக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையைத் தாளிலாவது கொடுத்திருக்கிறது.

டெரெக் சம்மர்ஃபீல்டு 1999இல் வைத்த விமர்சனமும் தள்ளிவிடக்கூடியதல்ல. போரில் சிக்கிய மக்களின் துயரத்தை நோயாக்கி, அவர்கள் கேட்கிற நீதி, நிலம், வேலை எல்லாவற்றையும் ஆலோசனை அமர்வாகச் சுருக்கிவிடுகிற தொண்டு நிறுவனத் தொழிலை அவர் சாடினார். 'மனவடு அறிந்த' என்ற சொல்லும் அதே பாதையில் போகக்கூடியதுதான். அமெரிக்க அரசின் ஓர் அமைப்பு 2014இல் பாதுகாப்பு, நம்பகம், சக மனிதர் துணை, கூட்டுச் செயல்பாடு, தேர்வுரிமை, பண்பாடு-வரலாறு-பால் பற்றிய கவனம் என்று ஆறு நெறிகளை வகுத்தது. நெறிகளில் பழுதில்லை. ஆனால் பள்ளியும் சிறையும் அந்தச் சுவரொட்டியை ஒட்டிவிட்டு பழையபடியே நடக்கலாம்.

7. நாம் கேட்கிற விதம்

நாம் மனச்சிகிச்சையாளர்கள் இல்லை. ஆனால் உண்மை அறியும் குழு என்று போகிறோம், சாட்சியங்களைத் தொகுக்கிறோம், கதை எழுதுகிறோம். கேட்கிற இடத்தில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20இல் நடந்த வன்முறைக்கு, 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானதற்கு, 2011 செப்டம்பர் 29இல்தான் தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு; 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள்; மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோரு வருஷம். அந்தக் காலம் முழுக்க அந்தப் பெண்கள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்? விசாரணை அதிகாரி, வக்கீல், நிருபர், ஆய்வு மாணவர், படம் எடுக்க வந்தவர். சொல்லாவிட்டால் நீதி இல்லை, சொன்னால் காயம் மறுபடி திறக்கும் என்ற இந்தப் பொறியில் அவர்களைத் தள்ளியது சட்டம். ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்களில் நாமும் உண்டு.

ஹெர்மன் 2023இல் எழுதிய நூலில், உயிர் பிழைத்தவர்கள் நீதி என்று எதைக் கேட்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் தொகுத்தார். அவர்கள் முதலில் கேட்டது பழிவாங்கலை அல்ல. தங்கள் சமூகம் நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், பழி தங்கள் மீதிருந்து செய்தவர் மீது போக வேண்டும் என்பதே. வடு என்ற சொல்லின் இரண்டாவது பொருளை அகற்றுவது என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

ஆகவே சில நடைமுறைகள், சட்டமாக அல்ல, விவாதத்துக்காக. போவதற்கு முன் ஏற்கனவே யாரிடமாவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். இருக்கிற பதிவு போதுமென்றால் மறுபடி கேட்க வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம், எங்கே அச்சாகும், இதனால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'இது போதும்' என்று அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதை வாயால் சொன்னால் போதாது. தட்டுத்தடுமாறும்போது நாமே பேனாவை மூடி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, வேறு பேச்சுக்குப் போகத் தெரிய வேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் கறந்துவிடக் கூடாது. அவர் என்ன செய்தார் என்பதையும் கேட்க வேண்டும். எழுதியதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். அடிக்கச் சொல்கிற வரியை அடிக்க வேண்டும், அது கட்டுரையின் மிக வலுவான வரியாக இருந்தாலும். ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்ன இரண்டும்தான் எழுத்தாளர்களுக்குக் கஷ்டம். நல்ல வரி கிடைத்துவிட்டால் விட மனம் வராது. ஆனால் அந்த வரி நம்முடையது இல்லை.